வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர்கள்

சாலையின் குறுக்கே வந்துவிட்டவரைப் பார்த்து நம் ஊர் ஓட்டுநர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” லாரிக்காரர் கேட்பார், மினிபஸ்காரர் கேட்பார், உரிமம் எடுக்கும் வயது வராத பைக் தம்பியும் கேட்பான். ‘இன்றைக்குச் சாகத்தான் கிளம்பியிருக்கிறாய், விடைபெற்று வந்தாயா’ என்பது அதன் பொருள். ஆணிடம் கேட்டால் அந்த ஒரு பொருளோடு முடிந்துவிடுகிறது. பெண்ணிடம் கேட்கும்போது அதே சொற்களுக்குள் இன்னொரு கேள்வியும் இருக்கிறது: வெளியே வர வீட்டில் அனுமதி வாங்கினாயா? சிலேடைக்கு வகுப்பில் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டியிருந்தால் காளமேகத்தை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

இரண்டு பொருளிலும் பதில் சொல்ல வேண்டியவர் நடந்து வந்தவர்தான். எதனால் அவ்வளவு வேகமாக வந்தாய் என்று வண்டியை யாரும் கேட்பதில்லை. தெருவைக் கடப்பதன் வரலாற்றை வெள்ளைக்கோட்டின் வரலாறாக, சிக்னல் விளக்கின் வரலாறாகப் பொறியியல் நூல்கள் எழுதியிருக்கின்றன. அதற்கு அடியில் ஓடுவது, தெருவில் நிற்பதற்கு யார் காரணம் சொல்ல வேண்டும் என்ற பழைய வழக்கு. அந்த வழக்கில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள், முதலில் பிணமாக, பிறகு வாதியாக.

1896 ஆகஸ்ட் 17. லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண் மகளோடும் தோழியோடும் நடந்து போய்க்கொண்டிருந்தார். அங்கே பார்வையாளர்களுக்குச் சவாரி காட்டிக்கொண்டிருந்த மோட்டார் வண்டி ஒன்று அவர்மேல் மோதியது. பிரிட்டனில் மோட்டார் கார் மோதி இறந்த முதல் பாதசாரி என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. மணிக்கு 4 மைல் வேகத்தில்தான் வந்தேன் என்றார் ஓட்டியவர். நல்ல குதிரை பாய்கிற வேகம் என்றார் பார்த்த சாட்சி ஒருவர். ‘தள்ளி நில்’ என்று கத்தினேன், அந்த அம்மா திகைத்துப்போய் நின்றுவிட்டார் என்பது ஓட்டியவரின் வாக்குமூலம். விசாரணை பல மணி நேரம் நடந்தது. விபத்தினால் மரணம் என்று நடுவர்கள் தீர்ப்பளித்தார்கள், யார்மேலும் வழக்கில்லை. இப்படி ஒன்று இனி ஒருபோதும் நடக்கக் கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னதாகப் பின்னாளில் எல்லாக் கட்டுரைகளும் எழுதுகின்றன.

அவை அதிகம் எழுதாத ஒன்றும் உண்டு. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று பிரிட்டனில் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 4 மைலாக இருந்த வேக வரம்பு 14 மைலாக உயர்ந்தது. அவர் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சட்டத்துக்கும் இந்தச் சாவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது, சட்டம் முன்பே நாடாளுமன்றத்தைத் தாண்டிவிட்டது. ஆனாலும் இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது ‘திகைத்துப்போய் நின்றுவிட்டார்’ என்ற வாக்குமூலத்தின் எடை கூடுகிறது. சாகும் தறுவாயில்கூட அந்தப் பெண்ணின் மனநிலைதான் விசாரிக்கப்பட்டது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சொல்லை உருவாக்கினார்கள். ‘ஜேவாக்கர்’. ‘ஜே’ என்றால் பட்டிக்காட்டான், நகரத்தில் நடக்கத் தெரியாதவன். 1920களில் கார்கள் பெருகி, சாவுகளும் பெருகியபோது, தெரு எல்லோருக்கும் பொது என்ற பழைய எண்ணம் இன்னும் உயிரோடு இருந்தது. 1922இல் பால்டிமோர் நகரில் காரில் அடிபட்டு இறந்த குழந்தைகளுக்காக நினைவுத்தூண் எழுப்பினார்கள். சின்சினாட்டியில் கார்கள் மணிக்கு 25 மைலுக்கு மேல் போக முடியாதபடி இயந்திரத்திலேயே தடை பொருத்த வேண்டும் என்று 42,000 பேர் கையெழுத்திட்டார்கள். 1923இல் அது வாக்கெடுப்புக்கு வந்தது. கார் விற்பனையாளர்கள் திரண்டு எதிர்த்துத் தோற்கடித்தார்கள். அதன்பின் பிரச்சாரம் திசை மாறியது. குற்றவாளி வேகம் இல்லை, தெருவில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான். கேலியால் சாதித்துவிட்டுப் பிறகு சட்டமாக்கினார்கள். நம் ஊரில் ‘சாவுகிராக்கி’ செய்கிற வேலையை அங்கே அந்தச் சொல் செய்தது.

பிரிட்டன் சற்று வேறு வழியில் போனது. 1934இல் போக்குவரத்து அமைச்சராக இருந்த ஹோர்-பெலிஷா, கடக்கும் இடங்களைக் காட்ட ஆரஞ்சு நிறக் கோளம் வைத்த கம்பங்களை நட்டார். 1951இல் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் வந்தன, வரிக்குதிரை என்ற பெயரும் வந்தது. அந்தப் பட்டையில் நடப்பவர் கால் வைத்தால் வண்டி நின்றாக வேண்டும் என்பது சட்டம். 1953இல் பள்ளிக் குழந்தைகளைச் சாலை கடத்திவிடும் ஆட்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. கையில் வட்டப் பலகையுடன் நடுச்சாலையில் நின்று லாரியை நிறுத்தும் அந்த வேலைக்கு வந்தவர்களில் பெண்கள் ஏராளம். குச்சிமிட்டாய்ப் பெண்மணி என்பது போன்ற செல்லப் பெயரில்தான் அவர்களை அழைத்தார்கள். வண்டியை நிறுத்தும் அதிகாரத்தைப் பெண்ணிடம் கொடுத்த கையோடு மிட்டாய்ப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க நகரங்களில் தாய்மார்கள் குழந்தை வண்டிகளைத் தெருவின் குறுக்கே நிறுத்தி மறியல் செய்தார்கள், சிக்னல் கேட்டு. நெதர்லாந்தில் 1971இல் மட்டும் சாலையில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள், அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். மகளைச் சாலையில் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹாஃப் 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற தலைப்பில் எழுதினார், அதுவே ஓர் இயக்கத்தின் பெயரானது. விபத்து என்று எல்லோரும் சொல்லிவந்ததைக் கொலை என்று சொன்னதில் இருக்கிறது அதன் பலம். அந்த இயக்கத்தின் முதல் தலைவர் மார்ட்யே வான் பட்டன் என்ற இளம் தாய். தெருக்களை மறித்துக் குழந்தைகளை விளையாட விட்டார்கள். சைக்கிளுக்கும் நடப்பவர்க்கும் பெயர்பெற்ற இன்றைய நெதர்லாந்தின் பின்னால் இந்த மறியல்கள் இருக்கின்றன.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் ஊருக்குத் திரும்பினால் கதை அப்படியே பொருந்தாது. தெரு எல்லோருக்கும் பொதுவாக இருந்தது, கார் வந்து பறித்துக்கொண்டது என்று இங்கே தொடங்க முடியாது. இங்கே தெரு யாருக்கும் பொதுவாக இருந்ததே இல்லை. வைக்கத்தில் 1924 மார்ச் 30 அன்று தொடங்கிய போராட்டம் கோயிலுக்குள் நுழைவதற்காக நடந்ததில்லை, கோயிலைச் சுற்றியுள்ள சாலையில் நடப்பதற்காக நடந்தது. நாகம்மையும் கண்ணம்மாளும் அதில் பங்கெடுத்தார்கள். அதே 1924இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானமும் பொதுச் சாலையில், தெருவில் எவரும் நடக்கலாம் என்பதுதான். ‘பாதசாரியின் உரிமை’ என்ற தலைப்பில் தமிழ்நாட்டில் ஒரு வரலாறு எழுதினால் அதன் முதல் பக்கத்தில் ஹோர்-பெலிஷாவுக்கு இடமில்லை, இரட்டைமலையாருக்குத்தான் இடம்.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களின் வழியை அடைத்து நின்ற நீண்ட சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டு வழி திறக்கப்பட்டது. அதுவரை அவர்கள் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது. நெடுஞ்சாலை நடுவில் வைக்கும் இரும்புத் தடுப்பையும் அந்தச் சுவரையும் ஒன்றென்று சொல்ல மாட்டேன், சொன்னால் அநியாயம். ஆனால் ‘சுற்றிப் போ’ என்ற சொல் யாரை நோக்கி எளிதாக வருகிறது என்பதை இரண்டு இடத்திலும் கவனிக்கலாம். கார் வைத்திருப்பவரிடம் யாரும் அதை லேசில் சொல்வதில்லை.

பழைய இலக்கியத்திலும் சந்திப்பு என்பது கண்காணிப்பு நிலையம்தான். சிலப்பதிகாரத்தின் புகாரில் நான்கு தெரு கூடும் இடத்தில் ஒரு பூதம் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொல்பவர், புறங்கூறுபவர் என்று அது பிடித்து உண்ணும் பட்டியலில், மறைவாக ஒழுக்கம் தவறும் பெண்களும் உண்டு. அப்பட்டியலில் வேகமாகத் தேரோட்டியவர் இல்லை. இத்தனைக்கும் கன்றைத் தேர்க்காலில் கொன்ற மகனுக்குத் தண்டனை கொடுத்த சோழனைக் கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊர்ப் பெருமையாகச் சொல்கிறாள். தமிழின் முதல் சாலை விபத்து வழக்கு அதுதான் என்று மாணவிகளிடம் சொல்வதுண்டு. வாதி ஒரு தாய்ப்பசு. ‘கன்றை வீட்டில் கட்டிவைக்காமல் விட்டாயே’ என்று அரசன் பசுவைக் கேட்கவில்லை.

அந்தக் கண்ணகி மதுரையை விட்டு வைகைக் கரையோடு நடந்து, மலையேறி, பதினான்காம் நாள் வானுலகம் போனாள். கூடலூருக்கு மேலே மலை உச்சியில் இருக்கும் மங்கலதேவி கோயில்தான் அந்த இடம் என்று எங்கள் கம்பம் பள்ளத்தாக்கு நம்புகிறது. சித்ரா பௌர்ணமிக்குப் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். தமிழ் இலக்கியத்தின் ஆகப் புகழ்பெற்ற பாதசாரி எங்கள் பக்கமாக நடந்து போனவள். இன்று அவள் திண்டுக்கல் – குமுளி நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டியிருந்தால் எவ்வளவு நேரம் நின்றிருப்பாள்?

பெரியகுளம் கடப்பதற்கென்றே அமைந்த ஊர். நடுவில் வராக நதி ஓடுகிறது, இந்தப் பக்கம் தென்கரை, அந்தப் பக்கம் வடகரை. கரைகளில் எதிரெதிரே நிற்கும் மருத மரங்களில் ஒன்று ஆண், ஒன்று பெண் என்பார்கள். 1886இலேயே நகராட்சி ஆகிவிட்டது. ஆற்றைக் கடக்கப் பாலம் போட்டார்கள். சாலையைக் கடக்க எதுவும் போட வேண்டும் என்று வெகுகாலம் யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற வேண்டிய தேவையும் அன்றைக்கு இல்லை. மாட்டுவண்டியும் சைக்கிளும் போன சாலையில் பிறகு பேருந்து வந்தது, லாரி வந்தது, குமுளிக்கும் கேரளத்துக்கும் போகிற எல்லாமும் வந்தன. தெருக்கள் கூடும் இடத்துக்கு எங்கள் ஊரில் மூன்றாந்தல் என்ற அழகான பெயர் இருக்கிறது. மூன்று திசையிலிருந்தும் வண்டி வரும். நடந்து வருபவர் நான்காவது திசை, அதற்குப் பெயரில்லை.

புறவழிச்சாலை வந்தபின் பெரிய வண்டிகள் பல ஊருக்கு வெளியே போய்விட்டன. அதனால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஊருக்குள் இடம் காலியானதும் மிச்ச வண்டிகள் வேகம் எடுத்தன. புறவழிச்சாலையோ ஊருக்கும் தோட்டத்துக்கும் நடுவில் போகிறது. மாந்தோப்பு வேலைக்குப் போகிற பெண்களுக்கு முன்பு ஒரு சாலை குறுக்கே கிடந்தது, இப்போது இரண்டு. பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்புக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், தூக்குவாளியும் ஸ்வெட்டருமாக. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகளின் வரிசை. பெண்களின் வயதைப் பற்றி இவ்வளவு வாதம் நடக்கும் ஒரு கோயிலுக்குப் போகும் ஆண்களின் வேன்களுக்கு வழிவிட்டு, கையில் பிள்ளையோடு பெண்கள் ஓரத்தில் காத்திருப்பதை இரண்டு மாதம் பார்க்கலாம். இதில் யாரையும் புண்படுத்த நான் எதையும் சேர்க்கவில்லை, ஓரத்தில் நின்றால் தெரிவதுதான்.

2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நல்ல திட்டம், என் மாணவிகளின் வீடுகளில் அதன் பலனைக் கண்கூடாகப் பார்க்கிறேன். ஆனால் பேருந்தில் போய்ப் பேருந்தில் திரும்புகிற எவரும் வீட்டருகே ஒரு முறையும், போன இடத்தில் ஒரு முறையும் ஆக இரண்டு சாலையை நாள்தோறும் கடந்தாக வேண்டும். போகும்போது இந்தப் பக்கம் ஏறினால் வரும்போது அந்தப் பக்கம்தான் இறங்க முடியும். பேருந்துக்குள் அரசு கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. இறங்கியபின் உள்ள முப்பது அடியை அவரவர் சாமர்த்தியத்துக்கு விட்டுவிட்டது.

அந்தச் சாமர்த்தியம் எப்படியிருக்கும் என்பதைக் கல்லூரி வாசலில் நின்றால் பார்க்கலாம். தனியாக யாரும் கடப்பதில்லை. நான்கைந்து பேர் சேரும்வரை காத்திருந்து, கைகோத்துக்கொண்டு, ஓரத்தில் இருப்பவள் உள்ளங்கையை வண்டிக்கு நேராக நீட்டியபடி ஒரே வீச்சில் போவார்கள். நடுவில் சிரிப்பு வேறு. மருத்துவமனைக்கு வரும் பாட்டிமார்களுக்குக் கூட்டம் சேராது. அவர்கள் யாரேனும் ஒரு பெண்ணைப் பார்த்து “ஆத்தா, செத்த என்னையும் கூட்டிட்டுப் போத்தா” என்பார்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதைப் பெண்கள் ஒருவருக்கொருவர் கைமாற்றாகச் செய்துகொள்கிறார்கள்.

சிக்னல் உள்ள ஊர்களில் கணக்கு வேறு மாதிரி வதைக்கும். நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் போவார் என்பது பொறியாளர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் கணக்கு. 15 மீட்டர் அகலச் சாலைக்குப் பன்னிரண்டரை விநாடி போதும். முழங்கால் வலியுள்ள ஒருவர் விநாடிக்கு 0.8 மீட்டர் போனால் அவருக்குப் பத்தொன்பது விநாடி வேண்டும். அந்த ஆறு விநாடியில் அவர் நடுச்சாலையில் நிற்பார். புடவைக் கொசுவத்தைப் பிடித்த கை, இடுப்பில் பிள்ளை, மறு கையில் மருந்துப் பை, இவற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நடைமேம்பாலம் கட்டிவிடலாம் என்பார்கள். கட்டிய பெருநகரங்களில் போய்ப் பாருங்கள். நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்க வேண்டும், அந்தி சாய்ந்தால் விளக்கில்லை, மேலே யார் நிற்கிறார்கள் என்று கீழிருந்து தெரியாது. சுரங்கப்பாதை அதைவிட மோசம். நடைமேம்பாலம் வண்டிக்காகக் கட்டப்படுவது. வண்டி வேகம் குறையாமல் போவதற்காக நடப்பவரைத் தூக்கி மேலே போடுகிறார்கள்.

உண்மையில் தேவைப்படுவது தரையிலேயே இருக்கிறது. கடக்கும் இடத்தில் சாலையையே நடைபாதை உயரத்துக்கு மேடாக்கினால் வண்டி ஏறி இறங்கித்தான் போக முடியும், வேகம் தானே குறையும். நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு இருந்தால் ஒரே நேரத்தில் இரு பக்கமும் பார்க்க வேண்டியதில்லை. கோட்டின் மேல் ஒரு விளக்கு. முக்கியமாக, பெண்கள் எந்த இடத்தில் கடக்கிறார்களோ அந்த இடத்தில் கோடு. அதிகாரிக்கு வசதியான இடத்தில் போட்டால் அது வெறும் சுண்ணாம்பு. வேகத்தைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது இது: 50 கி.மீ. வேகத்துக்குப் பதில் 65 கி.மீ. வேகத்தில் கார் மோதினால் நடப்பவர் சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர் என்று மத்திய அமைச்சகமே கணக்குக் கொடுத்திருக்கிறது.

நம் ஊரில் இவற்றில் ஏதாவது ஒன்று கிடைப்பதற்கு ஒரு சடங்கு இருக்கிறது. முதலில் ஒருவர் சாக வேண்டும். பிறகு ஊர் திரண்டு சாலை மறியல். முன்வரிசையில் பெண்கள் உட்காருவார்கள். தண்ணீருக்காகக் காலிக்குடத்தோடு உட்கார்ந்து பழகியவர்கள், மறிப்பது அவர்களுக்குப் புதிதில்லை. தாசில்தார் வருவார், காவல் ஆய்வாளர் வருவார், பேச்சுவார்த்தை, உறுதிமொழி. சில நாளில் ஒரு வேகத்தடை வரும். நெதர்லாந்தின் 1972ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் காலிக்குடங்கள்தான் நினைவுக்கு வரும். அவர்களுடைய மறியல் வரலாறானது. நம்முடையது மாவட்டச் செய்தியில் நான்கு வரியோடு நின்றுபோனது.

ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கும் பழையவை, ஆநிரைப் பூசலில் இறந்தவனுக்கு எடுத்தது ஒன்று. பெயரும் ஊரும் பொறித்திருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்து வேகத்தடைகளைப் பார்க்கையில் அவையும் நடுகல்தான் என்று தோன்றும், ஒவ்வொன்றின் கீழும் ஒருவர். பெயர்தான் இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் வேகத்தடை கூடாது என்பது துறையின் கொள்கையாதலால் அந்தப் பெயரில்லாத கல்லும் சில இடங்களில் நிலைப்பதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. கடக்கும் இடத்தை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் சாலை விதிகளே சொல்லின, 2017இல் அவை புதுப்பிக்கப்பட்டன. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. நடைபாதையில் நடப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று அந்த வழக்கில்தான் 2025 மே மாதம் நீதிமன்றம் சொன்னது. 2019இன் திருத்தச் சட்டம் சாலையைத் தவறாக வடிவமைத்தவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்கிறது. ஓட்டுநரையும் நடப்பவரையும் மட்டுமே விசாரித்துவந்த கூண்டில் முதன்முறையாகச் சாலை போட்டவருக்கும் ஓர் இடம். அதில் ஏறி நின்ற ஒருவரைப் பற்றியும் எங்கள் பக்கத்தில் பேச்சில்லை.

உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பெரியகுளம் நகராட்சியின் முப்பது வார்டுகளிலும் அப்படித்தான். ஒரு பெண் கவுன்சிலர் சாக்கடை கேட்கலாம், தெருவிளக்கு கேட்கலாம், கிடைக்கும். சாலையில் ஒரு கோடு கேட்டால் அது நெடுஞ்சாலைத் துறை, சிக்னல் என்றால் காவல்துறை, பேருந்து நிற்கும் இடம் என்றால் இன்னொரு துறை.

சென்ற ஆண்டு இளங்கலை மாணவிகளிடம், பேருந்திலிருந்து இறங்கி வகுப்புக்கு வரும் வழியை ஒரு தாளில் வரையச் சொன்னேன். பயண இலக்கியப் பாடத்துக்கான பயிற்சி, வேறு நோக்கம் இல்லை. சாலையைச் சிலர் இரண்டு கோடாகப் போட்டார்கள், சிலர் போடவே இல்லை. எல்லாத் தாளிலும் இருந்தது, எங்கே நிற்பார்கள் என்பது. பரோட்டாக் கடை ஓரம், செருப்புத் தைப்பவரின் குடை, ஏ.டி.எம். படிக்கட்டு, ஒரு வேப்பமரம். ‘இங்கே நின்றால் யாராவது வருவார்கள்’ என்று ஒருத்தி அம்புக்குறி போட்டிருந்தாள். தாள்களைத் திருத்தித் திருப்பிக் கொடுக்கவில்லை. நகல் எடுத்து, வார்டு எண் எழுதி, கோடு எங்கே வேண்டும் என்று அவர்களையே குறிக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதினொரு பேர் முடித்துவிட்டார்கள்.